புதுப்பிப்பு: மார்ஷ்மெல்லோ விதை கொழும்புச் சூட்டிலயும் முளைச்சிட்டுது

வெள்ளவத்தை பல்கனியில மார்ஷ்மெல்லோ செடி (மிட்டாய் இல்லை, வேரை மருந்துக்குப் பாவிக்கிற மூலிகை) விதை முளைக்குதே இல்லை, என்ன செய்யலாம் எண்டு முந்திக் கேட்டிருந்தன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி, முளைச்சிட்டுது.

வேலை செய்தது ஃபிரிட்ஜ் யோசனைதான், அதைச் சொன்ன அக்காவுக்குத் தனியா நன்றி. இது ஐரோப்பா, மேற்காசியாப் பக்கத்துச் செடி, அங்க விதை பனிக்காலம் முழுக்க குளிர்மண்ணுக்குள்ள கிடந்து வசந்தம் தொடங்கேக்கதான் முளைக்கும், இஞ்ச அந்தக் குளிர் எங்க, அதால விதையை மண்தாளில லேசா உரசி, ஈரத் தும்புத்தூளோட பையில போட்டு ஃபிரிட்ஜின்ர கீழ்த்தட்டில ஒரு மாதத்துக்கு மேல விட்டன். ஃப்ரீசருக்குள்ள வைக்க வேண்டாம். விதைச்ச பிறகும் எல்லாம் ஒரேயடியா வரேல்லை, விட்டு விட்டுத்தான் வந்தது, அவசரப்பட்டு சட்டியைக் கொட்டிப் போடாதேங்கோ. சதுப்பு நிலத்துச் செடி எண்டபடியா மண் காயக்கூடாது, கீழ ஒரு தட்டில தண்ணி விட்டு வைச்சிருக்கிறன்.

எதிர்பாராத விஷயம், பக்கத்தில நிண்ட செவ்வரத்தையில இருந்த வெள்ளைப் பஞ்சுப்பூச்சி இதுக்கும் வந்திட்டுது, ரெண்டும் ஒரே குடும்பம்தானே. சவர்க்காரத் தண்ணியால துடைச்சு சட்டியைத் தள்ளி வைச்சன், இப்ப புது இலை சுத்தமா வருது. வேர் தோண்ட ரெண்டாம் வருஷம் வரைக்கும் பொறுக்கோணும்.