பழைய வீலிலேயே அகலமான டயர் போடலாமா?

வணக்கம். என் டொயோட்டா 86-இல் டயர் நான்கும் தேய்ந்துவிட்டன. கம்பெனி வீல் 17 அங்குலம், அகலம் 7 அங்குலம், டயர் 215/45 (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம்). வீலை மாற்றும் எண்ணம் இல்லை.

225/45 போட ஆசை. கணக்குப் போட்டால் விட்டம் 9 மி.மீ. கூடுகிறது, அதாவது ஸ்பீடோமீட்டர் ஒன்றரை சதவீதம் குறைத்துக் காட்டும். அது பரவாயில்லை. நண்பர் 245-க்குப் போகச் சொல்கிறார் (அவர் கார் இல்லையே!). 7 அங்குல ரிம்மில் அது பிதுங்கி நிற்கும், வளைவில் ஸ்டியரிங் மந்தமாகும் என்பது என் பயம்.

இதே வீலில் 225 ஓட்டுபவர்கள் இருக்கிறீர்களா? முழுதாகத் திருப்பும்போது உள்பக்கம் உரசுகிறதா? அப்புறம், காற்றழுத்தம் எவ்வளவு வைக்கிறீர்கள்?