புதுப்பிப்பு: மொட்டைமாடித் தேன்பெட்டிகள்

அடையாறு வீட்டு மாடியில் இருந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று, தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) வைரஸ் நோயில் அழிந்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். இத்தாலியத் தேனீ வாங்குங்கள் என்றார்கள் சிலர். வாங்கவில்லை. 1991-92இல் தென்னிந்தியத் தேன்கூடுகளைப் பெருமளவு அழித்த நோய் இது. அதைத் தாக்குப்பிடிக்கும் நம்ம ஊர்த் தேனீயிலிருந்தே வம்சம் பெருக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அதனால் பக்கத்திலேயே இருந்தும் நோய் அண்டாத பெட்டியின் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். முட்டையும் இளம்புழுவும் உள்ள இரண்டு அடைச் சட்டங்களை, ஒட்டியிருந்த தேனீக்களோடு, ராணி இல்லாமல் புதுப் பெட்டிக்கு மாற்றினேன். நான்காம் நாள் அடையில் வேர்க்கடலை தொங்குவது போல, புது ராணியை வளர்க்கத் தேனீக்கள் கட்டிய மூன்று ராணி அறைகள்! பன்னிரண்டாம் நாளான இன்று காலை, ஓர் அறையின் மூடி வட்டமாக வெட்டப்பட்டுத் தொங்குகிறது. ராணி வெளியே வந்துவிட்டாள்.

அப்புறம், இனி அவள் பறந்துபோய் ஆண் தேனீக்களோடு கூடித் திரும்ப வேண்டும். அதுவரை பெட்டியைத் திறக்கப் போவதில்லை.