டிராகுனோவ் தூக்கியவர் எல்லாம் ஸ்னைப்பரா?

ராயபுரம் ஸ்ட்ரைக்கர்:
நேற்று கேரம் கிளப்பில் பெரிய சண்டை. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் ராணுவத்தில் டிராகுனோவ் துப்பாக்கி வைத்திருந்தவர். "நான் ஸ்னைப்பர்" என்றார். "கோர்ஸ் முடிக்காமல் அப்படிச் சொல்லாதே" என்று இன்னொருவர் பிடித்துக்கொண்டார். நான் அண்ணன் கட்சி. 800 மீட்டரில் குறி தப்பாதவரை வேறு என்னவென்று கூப்பிடுவது?

கொருக்குப்பேட்டை ஹவில்தார்:
தம்பி, துப்பாக்கியைப் பார்த்து ஆளுக்குப் பேர் வைக்காதே. 1963-ல் சோவியத் ராணுவம் டிராகுனோவை எடுத்துக்கொண்டதே, பிளட்டூனோடு, அதாவது சிறு படைப்பிரிவோடு, சேர்ந்து ஓடுகிற குறிகாரனுக்காகத்தான். மற்றவர்களின் துப்பாக்கி எட்டாத தூரத்தை அவன் பார்த்துக்கொள்வான். நல்ல மார்க்ஸ்மேன், அவ்வளவுதான். ஸ்னைப்பர், குறியைப் பார்த்துச் சொல்லும் துணையாளான ஒரு ஸ்பாட்டரோடு தனியாக முன்னால் போய்க் கிடப்பவன். சுடுவதைவிட, பார்த்ததைச் சொல்லி அனுப்புவதுதான் அவனுக்குப் பெரிய வேலை. பயிற்சியில் ஆளைக் கழிப்பது ஸ்டாக்கிங் தேர்வு. பைனாகுலரோடு உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர்கள் கண்ணில் படாமல் ஊர்ந்து நெருங்கி, வெற்றுத் தோட்டா சுட வேண்டும். சுட்ட பிறகும் அவன் எங்கே கிடக்கிறான் என்று தெரியக் கூடாது.

ராயபுரம் ஸ்ட்ரைக்கர்:
சரி அண்ணே, சிமோ ஹாய்ஹா? பின்லாந்து விவசாயி, வேட்டைக்காரர். 1939-40 குளிர்காலப் போரில் ஐந்நூறு பேருக்கு மேல் சுட்டு வீழ்த்தினார் என்கிறார்கள். துப்பாக்கியில் தொலைநோக்கிகூடக் கிடையாது. அவர் எந்த பேட்ஜைக் காட்டினார்?

கொருக்குப்பேட்டை ஹவில்தார்:
உன் சாட்சி என் பக்கம் பேசுகிறதே! தொலைநோக்கி வைத்தால் தலையைக் கொஞ்சம் தூக்க வேண்டும், கண்ணாடி வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் வேண்டாம் என்றார். மூச்சு ஆவி தெரியாமல் இருக்க வாயில் பனிக்கட்டியை அடக்கிக்கொண்டார். பேட்ஜை விடு, அந்தப் புத்தி வேண்டும்.

காசிமேடு வலை:
ஒளியத் தெரிந்தால் ஸ்னைப்பர் என்றால், எங்கள் தெருவில் கடன் வாங்கியவர்கள் எல்லாரும் ஸ்னைப்பர்தான். கடைசியில் தோட்டா பட வேண்டாமா? 2009-ல் ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் வீரர் கிரெய்க் ஹாரிசன் 2,475 மீட்டரில் அடித்தாரே. படகில் நிற்பவனுக்குத் தெரியும், இங்கே ஒரு காற்று, நாலு பாகம் தள்ளி வேறு காற்று. அவ்வளவு தூரத்துக்கு அதைக் கணக்குப் போடுவது லேசா?

கொருக்குப்பேட்டை ஹவில்தார்:
காற்றை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறி பிடிபடவே ஒன்பது குண்டு போல ஆனது என்று அவரே சொல்லியிருக்கிறார். சாதனைத் தூரம் பேப்பருக்கு நல்ல தலைப்பு. அதை வைத்து ஒரு வீரனை அளக்க முடியாது.

எண்ணூர் உள்ளான்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஸ்னைப் என்பது நம் உள்ளான் வகைப் பறவை. 1770-களில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் அதை வேட்டையாடியதில் இருந்து வந்த பேர்தான் ஸ்னைப்பர். சேற்று நிறத்தில் கிடக்கும், காலடியில் இருந்து கிளம்பும்வரை தெரியாது. கிளம்பினால் வளைந்து வளைந்து பறக்கும். குறி மட்டும் தெரிந்தவனுக்கும் கிடைக்காது, பதுங்க மட்டும் தெரிந்தவனுக்கும் கிடைக்காது.

காசிமேடு வலை:
பறவை பேரையே வைத்துக்கொண்டு பறவைக்குப் பரிந்து பேசுகிறீர்கள்!

ராயபுரம் ஸ்ட்ரைக்கர்:
இப்போதுதான் கிளப்பில் இருந்து வருகிறேன். "ஸ்டாக்கிங் தேர்வு பாஸ் பண்ணினீங்களாண்ணே?" என்று கேட்டேன். பதிலே இல்லை. காயை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

கொருக்குப்பேட்டை ஹவில்தார்:
விட்டுவிடு தம்பி. நல்ல மார்க்ஸ்மேன் கிடைப்பதே கஷ்டம். ரெட்டாவது போட்டாரா?

ராயபுரம் ஸ்ட்ரைக்கர்:
முதல் அடியிலேயே.