ஹைப்பர் காமியோகாண்டேயிலும் ஏன் கண்ணாடிக் குழாய்கள்?

நிலாமுற்றம்:
அனைவருக்கும் வணக்கம். முதுகலை இயற்பியல் மாணவி நான்; எதனோடும் அரிதாகவே மோதும் நுண்துகளான நியூட்ரினோவைக் கண்டறியும் கருவிகளைப் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அத்தகைய கருவியான ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டேயில் 50,000 டன் நீரைச் சூழ்ந்து, நீரில் நியூட்ரினோ மோதும்போது எழும் மெல்லிய ஒளியை மின்துடிப்பாக மாற்றிப் பெருக்கும் 11,000க்கும் மேற்பட்ட ஒளிப்பெருக்கிக் குழாய்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 50 செ.மீ. விட்டமுள்ள, வெற்றிடம் அடைத்த கண்ணாடிக் குமிழ். ஏறத்தாழ 2,000 வோல்ட் மின்னழுத்தம் கேட்கும், புவியின் காந்தப்புலத்தைக்கூடத் தாங்காது. அதே வேலையைச் செய்யும் சிறு சில்லுகளான சிலிக்கான் ஒளிப்பெருக்கிகளோ சில பத்து வோல்ட்டில் இயங்குகின்றன. காந்தப்புலம் அவற்றைப் பாதிப்பதில்லை. போட்டான்களை, அதாவது ஒளித்துகள்களைப், பிடிப்பதிலும் பழைய குழாய்களை மிஞ்சுகின்றன. அப்படியிருக்க, அதன் அடுத்த தலைமுறையாக இப்போது கட்டப்பட்டுவரும் ஹைப்பர் காமியோகாண்டேயிலும் கண்ணாடிக் குழாய்களையே வைப்பதற்கு விலை மட்டும்தான் காரணமா?

அலைவரிசை:
சிலிக்கானை இலவசமாகக் கொடுத்தாலும் அந்தத் தொட்டிக்கு அது உதவாது என்பேன். ஒளியே படாதபோதும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் கிளம்பி எழுப்பும் பொய்த் துடிப்புகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். அறை வெப்பநிலையில் நல்ல சிலிக்கான் உணரிகூடச் சதுர மில்லிமீட்டருக்கு நொடிக்கு 50,000 முதல் 1,00,000 பொய்த் துடிப்புகள் வரை தரும். 50 செ.மீ. குழாயின் முகப்பு ஏறத்தாழ 2 லட்சம் சதுர மில்லிமீட்டர். அந்தப் பரப்பு முழுவதையும் சிலிக்கானால் நிரப்பினால் நொடிக்கு 1,000 கோடித் துடிப்புகளுக்குக் குறையாது; குழாயோ அதே பரப்புக்குச் சில ஆயிரங்களோடு நின்றுவிடுகிறது. சூரிய நியூட்ரினோ ஒன்று மோதும்போது தொட்டி முழுவதிலும் சில பத்துக் குழாய்களே, அவற்றிலும் பெரும்பாலும் ஒற்றைப் போட்டானையே, பதிவு செய்யும். அந்த மெல்லிய செய்தியை 1,000 கோடி இரைச்சலுக்குள் எங்கே தேடுவது?

குளிர்வித்தால் கணக்கே மாறிவிடும். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில், பேரண்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதாகக் கருதப்படும் இருண்ட பொருளைத் தேட அமையும் டார்க்சைடு-20கே கருவியில் திரவ ஆர்கான் 87 கெல்வினில் இருக்கும். அங்கே பொய்த் துடிப்பு சதுர மில்லிமீட்டருக்கு நொடிக்கு ஒன்றைக்கூட எட்டாது. அதனால் அவர்கள் சிலிக்கானையே தேர்ந்தார்கள். கதிரியக்க மாசு குறைவு என்பதும் இருண்ட பொருளைத் தேடுவோருக்குப் பெரிய ஆதாயம்.

ஆழ்கிணறு:
மேலே உள்ள கணக்கு சரியானது. குழாய்களும் பழைய நிலையிலேயே நின்றுவிடவில்லை என்பதையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சூப்பர் காமியோகாண்டேக்கு முன்னோடியான காமியோகாண்டேயை அமைத்த இயற்பியலர் மசாதோஷி கொஷிபா, அமெரிக்காவில் அதைவிடப் பெரிய தொட்டி ஒன்று எழுவதைக் கண்டு, தொட்டியின் அளவில் போட்டியிடாமல் ஒவ்வொரு குழாயையும் பெரிதாக்க முடிவெடுத்து, ஹமாமட்சு நிறுவனத்தைக் கொண்டு 50 செ.மீ. குழாயைச் செய்வித்தார். 1987 பிப்ரவரி 23 அன்று விண்மீன் வெடிப்பிலிருந்து வந்த நியூட்ரினோக்களைக் காமியோகாண்டே பிடித்ததில் அந்த முடிவுக்குப் பெரும்பங்கு உண்டு.

பெரிய வெற்றிடக் குமிழின் ஆபத்து 2001 நவம்பர் 12 அன்று வெளிப்பட்டது. சூப்பர் காமியோகாண்டேயில் நீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது அடியில் ஒரு குழாய் நொறுங்கியது. வெற்றிடத்துக்குள் பாய்ந்த நீர் எழுப்பிய அதிர்ச்சி அலை பக்கத்துக் குழாயை நொறுக்க, அது அதற்கடுத்ததை நொறுக்க, சில நொடிகளில் 6,000க்கும் மேற்பட்டவை போய்விட்டன. அதன்பின் ஒவ்வொரு குழாய்க்கும் முன்புறம் அக்ரிலிக், பின்புறம் கண்ணாடியிழை என்று உறை போட்டார்கள். குழாய் உடைந்தாலும் நீர் சிறு துளைகள் வழியே மெதுவாகத்தான் நுழையும் என்பதால் அதிர்ச்சி அலை எழாது.

ஹைப்பர் காமியோகாண்டேக்கான புதிய குழாய்களில் உள்ளே எலக்ட்ரான்களைப் பெருக்கும் தகடுகளின் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். போட்டானைப் பிடிக்கும் திறன் ஏறத்தாழ இருமடங்காகியிருக்கிறது. நேரத் துல்லியமும் அதே அளவுக்குக் கூடியிருக்கிறது. இத்தனை பெரிய கண்ணாடிக் குமிழில் இது எளிதாக வந்த முன்னேற்றமல்ல.

நிலாமுற்றம்:
இருவருக்கும் மிக்க நன்றி. பெரிய குமிழ்தான் ஆபத்தென்றால், சிறு குழாய்கள் பலவற்றை ஒன்றாகச் சேர்க்க இயலாதா, ஐயா?

ஆழ்கிணறு:
இயலும், செய்தும் வருகிறார்கள். மத்தியதரைக் கடலடியில் அமைந்துவரும் கே.எம்.3.நெட் என்ற நியூட்ரினோக் கருவியில் ஒவ்வொரு கண்ணாடிக் கோளத்துக்குள்ளும் 3 அங்குலக் குழாய்கள் 31 இருக்கின்றன. ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை ஒரே கோளத்தைக் கொண்டே ஓரளவு அறியலாம். கடல்நீரிலுள்ள கதிரியக்கப் பொட்டாசியம்-40 சிதைவதால் எழும் ஒளியைப் பெரும்பாலும், பல குழாய்கள் ஒரே கணத்தில் துடித்தனவா என்று பார்த்தே விலக்கிவிடலாம். ஆனால் 31 குழாய்க்கும் தனித்தனி மின்னணுச் சுற்று வேண்டும். ஹைப்பர் காமியோகாண்டேயிலும் பெரிய குழாய்களுக்கிடையே 19 சிறு குழாய்கள் கொண்ட தொகுதிகளை வைக்கிறார்கள்; உங்கள் கட்டுரையில் இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம்.