மனைவிக்கு முதல் கைத்துப்பாக்கி: எதை வாங்கலாம்? (ஹூஸ்டன்)

கேட்டிவாசி:

வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறோம். எனக்குச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை, மாதத்தில் பாதி நாள் இரவு ஷிஃப்ட். அந்த நாட்களில் வீட்டில் மனைவியும் ஆறு வயதுப் பையனும் மட்டும்தான். போன மாதம் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி, ராத்திரி இரண்டு மணிக்குப் பின்கதவை உடைத்து உள்ளே வந்துவிட்டார்கள், ஆட்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போதே. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை, எனக்கு வேலையில் மனம் ஓடவில்லை.

அவள் ஐந்தடி உயரம், சின்னக் கை, துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. நான் கல்லூரியில் என்சிசியில் .22 ரைஃபிள் சுட்டதோடு சரி. கடையில் கேட்டால் ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரிவால்வரைக் காட்டுகிறார்கள், 'பெண்களுக்கு இதுதான், சின்னது, ஜாம் ஆகாது' என்கிறார்கள். ஆலை நண்பர் ஒருவர் கிளாக் 19 பிஸ்டலைத் தவிர வேறு எதையும் யோசிக்காதே என்கிறார். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, அடுத்த மாதம் பிறந்தநாள் வருகிறது, வாங்கிக் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். இருவருக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. எதை வாங்கலாம்?

சான்அன்டோனியோ அக்கா:

தம்பி, முதலில் அந்தப் பிறந்தநாள் யோசனையை விட்டுவிடுங்கள். என் வீட்டுக்காரர் 2016-இல் இதையேதான் செய்தார். அதே மாதிரி ஒரு சின்ன ரிவால்வர், அன்போடுதான் வாங்கி வந்தார், அதில் சந்தேகமே இல்லை. ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்கு, போய் இரண்டு தடவை சுட்டேன், உள்ளங்கை கன்றிப்போய் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு வருடம் அது அலமாரியில் புடவைகளுக்குக் கீழே கிடந்தது. வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று அவருக்கு நிம்மதி, அதைத் தொட வேண்டி வந்துவிடக் கூடாதே என்று எனக்குப் பயம்.

சின்னத் துப்பாக்கி சின்னக் கைக்குச் சுலபம் என்பது தப்புக் கணக்கு. 642 சுமார் 415 கிராம்தான். எடை குறையக் குறைய உதைப்பு அதிகம், அத்தனையும் கையில்தான் இறங்கும். விசையும் கனம், ஒவ்வொரு தடவையும் நீளமாக இழுக்க வேண்டும், அந்த இழுப்பிலேயே குறி ஆடிவிடும். நன்றாகப் பழகியவர்கள் மறைத்து எடுத்துப் போவதற்கு ஏற்ற துப்பாக்கி அது. முதன்முதலாகக் கற்றுக்கொள்கிறவருக்கு அதைக் கொடுப்பது தண்டனை.

பிறகு நானே பெண்கள் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே ஒரே நாளில் ஆறு துப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்துச் சுட விட்டார்கள். ஐந்தாவதாகக் கையில் எடுத்தது ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு ஈஸி. பிஸ்டலின் மேல்பகுதியை, அதுதான் ஸ்லைடு, தோட்டா ஏற்றப் பின்னால் இழுத்தேன், வந்துவிட்டது! அதுவரை ஸ்லைடை என்னால் இழுக்க முடியாது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் மனைவியும் அப்படித் தானே தேர்ந்தெடுக்கட்டும். அதற்கும் முன்னால், வீட்டில் துப்பாக்கி வேண்டுமா என்று அவரிடம் கேளுங்கள்.

ரேஞ்ச் பழகுநர்:

அக்கா சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பத்து வருடமாக டாலஸ் பக்கம் புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறேன், கணவர் தேர்ந்தெடுத்த துப்பாக்கியோடு முகம் வாடி வருகிற பெண்களை வாரா வாரம் பார்க்கிறேன்.

ஷீல்டு ஈஸி 2018-இல் .380 என்ற தோட்டா அளவிலும், 2020-இல் அதைவிட வலுவான 9 எம்எம்-மிலும் வந்தது. இரண்டிலும் எட்டுத் தோட்டா. ஸ்லைடு லேசு, தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் தோட்டா போடுவதும் சுலபம், பக்கவாட்டில் ஒரு சின்னக் குமிழ் உண்டு, அதைக் கீழே அழுத்திக்கொண்டு போடலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: பிடியின் பின்பக்கம் ஒரு பாதுகாப்புப் பட்டை இருக்கிறது, இறுக்கிப் பிடித்து அது உள்ளே போனால்தான் சுடும். சின்னக் கைக்கு அது ஒழுங்காக அமுங்குகிறதா என்று ரேஞ்சிலேயே பார்த்துவிடுங்கள். பழையது வாங்கினால், 9 எம்எம்-மில் 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரானவற்றைப் பழுது பார்க்கத் திரும்ப அழைத்தார்கள், சீரியல் எண்ணைக் கம்பெனியில் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கிளாக் 19 நல்ல துப்பாக்கி. பதினைந்து தோட்டா, காலி மேகசினோடு சுமார் 670 கிராம், அந்த எடையே உதைப்பைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். வீட்டில் வைப்பதற்கு நடுத்தர அளவுதான் சரி, பையில் மறைக்கப் போவதில்லையே. ஆனால் பிடி கொஞ்சம் பருமன். கையை வளைத்துத் திருப்பாமல் ஆள்காட்டி விரலின் முதல் கண்ணு விசையின் நடுவில் உட்கார வேண்டும், உட்காராவிட்டால் அது அவருக்கு ஆகாது, எவ்வளவு பேர் புகழ்ந்தாலும். வால்தர் பிடிபி-யில் எஃப் என்ற வகை பெண்கள் கைக்கென்றே செய்தது, கிடைத்தால் அதையும் சுட்டுப் பார்க்கட்டும்.

ஸ்லைடை இழுப்பது பெரும்பாலும் முறையைப் பொறுத்தது. துப்பாக்கியை நெஞ்சருகே வைத்து, இடது கையால் ஸ்லைடைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வலது கையால் துப்பாக்கியை முன்னே தள்ள வேண்டும். இரண்டு விரலால் கிள்ளி இழுத்தால் யாருக்கும் வராது. அப்புறம் மணிக்கட்டைத் தளர விட்டால் பிஸ்டல் ஜாம் ஆகும், ரிவால்வர் ஆகாது. கடைக்காரர் சொன்னதில் அவ்வளவுதான் உண்மை, அதுவும் ஒரு மணி நேரப் பயிற்சியில் சரியாகிவிடும்.

நம் ஊர் செங்கல் சுவரை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே உட்சுவர் என்பது மரச்சட்டத்தின் இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை. 9 எம்எம் அப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். உடலில் பட்டதும் விரியும் ஹாலோ பாயிண்ட் தோட்டா போட்டாலும் சுவரில் நிற்கும் என்று நம்பக் கூடாது. பையன் அறை எந்தப் பக்கம்? மனைவியின் அறையிலிருந்து எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதை இப்போதே பகலில் நின்று பார்த்து முடிவு செய்யுங்கள். முடிந்தால் நடு ராத்திரியில் பையனை எழுப்பி அழைத்து வரப் போகாமல், உங்கள் இரவு ஷிஃப்ட் நாட்களில் மனைவி அவனைத் தன் அறையிலேயே படுக்க வைத்துக்கொள்ளட்டும். யாராவது உள்ளே வந்தால் கதவைப் பூட்டி, 911-ஐ அழைத்து, அங்கேயே இருக்க வேண்டும். வீடு முழுக்கத் தேடிப் போகக் கூடாது. கையில் நல்ல டார்ச் கட்டாயம், யாரென்று தெரியாமல் விசையில் விரல் போகவே கூடாது.

ஒன்று கேட்கிறேன், பின்கதவின் தாழ்ப்பாள் தகட்டில் என்ன திருகு இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் முக்கால் அங்குலத் திருகுதான், ஒரு உதையில் நிலைப்பலகை பிளந்துவிடும். மூன்று அங்குலத் திருகு போட்டு உள்ளே இருக்கும் சட்டம்வரை இறக்குங்கள். பத்து டாலர் வேலை, இன்றைக்கே செய்யலாம்.

எச்1பி வாசகன்:

இடையில் ஒரு சந்தேகம். எனக்கு எச்1பி வேலை விசா, மனைவிக்கு அதைச் சார்ந்த எச்4 விசா. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்கிறார்களே, நாங்களும் வாங்கலாமா?

ரேஞ்ச் பழகுநர்:

கூடாது. அது மாநிலச் சட்டம், உங்களைத் தடுப்பது ஃபெடரல் சட்டம். குடியேறாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம், 15 வருடம்வரை சிறை. ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் இதற்குள் வரும். வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்த வழியில் இறங்காதீர்கள், ஆயுதக் குற்றம் ஒன்று போதும் நாடு கடத்த. கணவருக்கு கிரீன் கார்டு, மனைவிக்கு இன்னும் விசாதான் என்ற வீடுகளும் நம்மிடையே நிறைய. அங்கே மனைவிக்காகத் துப்பாக்கி வாங்குவது இருவரையும் மாட்டிவிடும்.

கேட்டிவாசி, உங்கள் இருவருக்கும் தடையில்லை. ஆனாலும் மனைவியே கடைக்கு வந்து, துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய ஃபெடரல் படிவமான 4473-ஐத் தன் பெயரில் நிரப்பட்டும், கிரீன் கார்டில் உள்ள ஏ-எண் (குடியேற்றப் பதிவு எண்) தேவைப்படும்.

இரவுப்பணி நர்ஸ்:

அவசரப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். திருடன் சுட்டு வந்தவர்களைவிட, வீட்டுத் துப்பாக்கியாலேயே காயப்பட்டு வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், அதில் குழந்தைகளும் உண்டு. ஆறு வயதுப் பையன் கையில் படாது என்று அலமாரி உச்சியை நம்பாதீர்கள், நாற்காலி போட்டு ஏறுவான். கட்டில் பக்கத்தில் சுவரோடு திருகிப் பொருத்திய, பொத்தான் எண் வைத்துத் திறக்கும் சின்னப் பெட்டி வாங்குங்கள். துப்பாக்கி எப்போதும் அதற்குள், எண் உங்கள் இருவருக்கு மட்டும். 17 வயதுக்குக் கீழ் இருக்கும் குழந்தை எடுத்துவிடக்கூடிய இடத்தில் தோட்டாவோடு வைத்தால் டெக்சாஸில் குற்றமும்கூட.

இன்னொன்று, கேட்பதற்குக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அவர் தூங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் மட்டும்தானா, மனச்சோர்வும் இருக்கிறதா? கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த பெண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம் வைத்திராத பெண்களைவிட 35 மடங்கு, ஆண்களில் 8 மடங்கு. உங்கள் வீட்டில் அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வாங்குவதற்கு முன் உட்கார்ந்து பேசுங்கள், சோர்வு இருக்கிறது என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், துப்பாக்கி காத்திருக்கட்டும். அவசரமென்றால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

கேட்டிவாசி (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக அக்காவுக்கும் நர்ஸுக்கும். இந்த இழையை அப்படியே அவளிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசினோம். திருடனைவிட, நான் இல்லாத ராத்திரிகளில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாததுதான் அவளுக்குப் பெரிய பயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாவின் நம்பர் இப்போது அவள் போனில் முதலில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு என்று அவரும் சொல்லிவிட்டார். பின்கதவுத் திருகைக் கழற்றிப் பார்த்தேன், முக்கால் அங்குலம்தான். திருகு எல்லாவற்றையும் மூன்று அங்குலமாக மாற்றியாயிற்று.

போன சனிக்கிழமை வகுப்புக்குப் போனாள். 642-ஐ ஒரு தடவை சுட்டுவிட்டுக் கீழே வைத்துவிட்டாளாம். கிளாக் பிடித்திருக்கிறது, ஆனால் விரல் எட்டவில்லை. ஷீல்டு ஈஸி 9 எம்எம்-மில் ஐந்து கெஜத்தில் எட்டுத் தோட்டாவும் தாளில் விழுந்திருக்கிறது, அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். இருந்தாலும் இன்னும் இரண்டு வகுப்பு முடித்துவிட்டுத்தான் வாங்குவதா என்று சொல்வேன் என்கிறாள். சரி என்றுவிட்டேன். பெட்டியை மட்டும் இப்போதே பொருத்தி வைக்கலாம் என்று நினைக்கிறோம், கட்டில் சட்டத்தில் திருகுவது நல்லதா, சுவர்ச் சட்டத்திலா?