கலைச்சொல் தேவை: செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்ட ஓவியத்துக்கு என்ன பெயர்?

தொடக்க மடல் – மொழிபெயர்ப்பாளர், திங்கட்கிழமை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். உரோமின் வரலாற்றையும் தொன்மங்களையும் பழைய இத்தாலியப் படங்களின் வழியே சொல்லும் நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். நூல் முடிந்துவிட்டது; நாற்பது படங்களின் அடிக்குறிப்புகள் மட்டும் முடியவில்லை.

மார்க்கன்டோனியோ ரைமோண்டியின் ‘லுக்ரீஷியா’ (மானம் காக்க உயிர்விட்ட உரோமப் பெண்ணின் படம்), செப்புத் தகட்டில் கூர்க்கருவியால் கோடு வெட்டி அச்சிட்டது. பார்த்தொலொமேயோ பினெல்லியின் உரோம வரலாற்றுப் படங்கள் அமிலத்தால் அரிக்கப்பட்ட தகட்டிலிருந்து வந்தவை. மந்தேஞா தீட்டிய சீசரின் வெற்றி ஊர்வலத்தை ஆந்திரேயா ஆந்திரேயானி 1599இல் பல மரக்கட்டைகளைக் கொண்டு அச்சிட்டார். இம்மூன்றுக்கும் ‘செதுக்கோவியம்’ என்றே எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவரோ, “இதைப் படிப்பவர் தேரில் இருக்கும் மரச் சிற்பத்தை நினைத்துக்கொள்வார், இது தாளில் அச்சான படம் என்று எங்கே தெரிகிறது?” என்று ஓரத்தில் எழுதி அனுப்பிவிட்டார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் முறையே எங்கிரேவிங், எச்சிங், உட்கட் எனப்படும் இம்மூன்றுக்கும் வேறுபாடு தெரியும்படி, ஆனால் பள்ளி மாணவருக்கும் விளங்கும்படி, சொற்கள் வேண்டும்.

மறுமொழி – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, செதுக்குதல் என்பது வரப்பில் புல்லைச் செதுக்குவதுபோல மேலோடு சீவுவது. தகட்டினுள் கூர்மை இறங்கி ஓடும் வினைக்கு அச்சொல் போதாது. நம்மிடம் ஈராயிரம் ஆண்டுப் பழமையான சொல் இருக்கும்போது ஏன் தேட வேண்டும்? நடுகல்லில் வெட்டிய எழுத்தை அகநானூறு ‘கூருளி குயின்ற கோடுமாய் எழுத்து’ என்கிறது. வேறோர் இடத்தில் ‘குயில் எழுத்து’ என்றே சொல்கிறது. மதுரைக்காஞ்சியில் மணியைத் துளையிடுவோர் ‘திருமணி குயினர்’. குயிலுதல் என்றால் துளைத்தல், குடைதல், நுட்பமாகச் செய்தல். ஆகவே ‘குயிலோவியம்’ என்பதே சரியான சொல். செய்பவர் குயினர், செய்வித்தல் குயிற்றுதல் என்று ஒரே வேரிலிருந்து முழுக் குடும்பமும் கிடைத்துவிடும்.

இந்த வேர் இன்னும் ஆழமானது. குயம் என்றால் அரிவாள். குழல், குழி, குகை, குடம் எல்லாம் உட்குடைவைக் குறிப்பவை. மண்ணைக் குடைந்து வனைபவன் குயவன். பறவைக்குக்கூட அதன் குரல் குழலைப் போலத் துளைத்துச் செல்வதால்தான் அப்பெயர் வந்தது என்பது என் கருத்து. இதைப் பற்றித் தனிமடல் எழுதுகிறேன்.

மறுமொழி – கல்லூரியில் அச்சுக்கலை கற்பிப்பவர்

ஐயா, தனிமடலுக்குக் காத்திருக்கிறோம். ஆனால் ‘ரைமோண்டியின் குயிலோவியங்கள்’ என்று அட்டையில் போட்டால் நூலகத்தில் அது பறவையியல் அடுக்குக்குப் போய்விடும்.

சொல்லை ஆக்கும் முன் வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். செப்புத் தகட்டில் வேலை செய்யும் கருவியைச் சுத்தியலால் அடிப்பதில்லை. அதன் மரப்பிடியை உள்ளங்கையில் தாங்கி முன்னோக்கித் தள்ளுவார்கள். வளைகோடு வேண்டுமென்றால் பெரும்பாலும் கையைத் திருப்பாமல், தோல் மெத்தைமேல் வைத்த தகட்டைத் திருப்புவார்கள். பிறகு தகடு முழுவதும் மை பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால், வெட்டிய பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தும்போது தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். மரக்கட்டையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. அங்கே வெட்டி எடுத்த இடம் வெள்ளையாகும். வெட்டாமல் விட்ட மேடே கறுப்பாக அச்சாகும். ஆகவே இரண்டையும் ‘செதுக்கு’ என்ற ஒரே வினையால் சொன்னால் கோடு எங்கே பிறக்கிறது என்பது மறைந்துபோகிறது.

அமில முறையில் தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு இருக்கும். கலைஞர் ஊசியால் மெழுகைத்தான் கீறுவார். செம்பைத் தொடுவது அமிலம். ஊசி தாளில் பேனா ஓடுவதுபோல ஓடும் என்பதால் பினெல்லியின் கோடுகளில் அந்த விரைவு தெரிகிறது. பிரானேசி 1756இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட உரோமத் தொல்பொருள் படங்களில் சில கோடுகள் மயிரிழையாகவும் சில கோடுகள் கருங்குழியாகவும் இருப்பதற்குக் காரணம், போதுமான அளவு அரித்துவிட்ட இடங்களை மூடிவிட்டு மற்ற இடங்களைத் திரும்பத் திரும்ப அமிலத்துக்குக் கொடுத்ததுதான். இதில் ‘செதுக்கியவர்’ யார்?

வெட்டியது தகட்டில், ஓவியம் இருப்பது தாளில். அதுவும் இடம் வலமாக மாறி இருக்கிறது. எனவே சொல்லில் ‘அச்சு’ கட்டாயம் வர வேண்டும். செப்பச்சு, அமிலவச்சு, மரவச்சு என்பவை என் முன்மொழிவு.

மறுமொழி – பாத்திரக் கடைத் தெருவில் அச்சகம் வைத்திருப்பவர்

பெரியோர்களுக்கு வணக்கம். எங்கள் தெருவில் குடம் வாங்கினால் ‘பெயர் வெட்டித் தரட்டுமா?’ என்றுதான் கேட்பார்கள். ‘செதுக்கித் தரட்டுமா?’ என்றோ ‘குயிற்றித் தரட்டுமா?’ என்றோ யாரும் கேட்டு நான் அறியேன். உலோகத்தில் கோடு இறக்கும் வேலைக்கு மக்களிடம் உள்ள சொல் வெட்டு. கோயில் கல்வெட்டுகளிலும் ‘கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்க’ என்று அரசாணையே வருகிறது. கல்லில் வெட்டியது கல்வெட்டு என்றால், செம்பில் வெட்டியது ‘செப்புவெட்டு’. இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அச்சுக்கலை ஆசிரியரின் ‘செப்பச்சு’ எனக்கு உறுத்துகிறது. அமிலம் அரித்த தகடும் செம்புதானே? அப்படியானால் அதுவும் செப்பச்சுதான். ‘செப்பேடு’ என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். ஆனால் செப்பேட்டில் ஏடே ஆவணம், நேராகப் படிக்கலாம். இங்கே தகடு வெறும் தாய், படிக்க வேண்டியது பிள்ளையை.

மறுமொழி – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

செப்புவெட்டு அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் அதே வாய்பாட்டில் மரக்கட்டை முறைக்கு ‘மரவெட்டு’ என்று வரும். வனத்துறையினர் வந்து நிற்பார்கள். எச்சிங்குக்கு ‘அரிப்போவியம்’ என்று யாராவது முன்மொழியும் முன்பே தடுத்துவிடுகிறேன். அதைப் படிக்கும் மாணவன் சொறிந்துகொள்வான். ‘திராவக ஓவியம்’ என்பது பொற்கொல்லர் பட்டறைக்குப் பழகிய சொல் என்றாலும் வடமொழி. ‘அச்சு’ என்பதும் அக்ஷம் என்பதன் திரிபு என்பார் உளர். அதை நான் ஏற்கவில்லை என்றாலும் ஐயம் இருக்கும்போது விலக்குவதே முறை.

இன்னொன்று. ‘செதுக்கோவியம்’ வினைத்தொகையா, பெயர்த்தொகையா என்று யாரும் கேட்கவில்லை. வினைத்தொகையானால் ‘செதுக்கு சித்திரம்’ என்று வலி மிகாமலும், செதுக்கு என்பது முதனிலைத் தொழிற்பெயரானால் ‘செதுக்குச் சித்திரம்’ என்று மிகுந்தும் வரும். அகராதியில் ஏற்றும் முன் இதைத் தீர்க்க வேண்டும்.

மறுமொழி – இத்தாலிய மொழி பயின்ற உறுப்பினர்

இத்தாலியர் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாமே. அவர்களிடம் ‘இன்சிசியோனே’ என்பது பொதுச்சொல். வெட்டு என்பதே அதன் நேர்ப்பொருள். கருவியால் செய்தால் ‘பூலினோ’ என்று கருவியின் பெயரையும், அமிலத்தால் செய்தால் ‘ஆக்குவாஃபோர்த்தே’ என்று அமிலத்தின் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். பின்னதற்கு ‘வன்மையான நீர்’ என்று பொருள். அமிலம் வெட்டுவதில்லை என்ற தடை அவர்களுக்கு எழவில்லை. உண்மையில் ஒரே தகட்டில் அமிலத்தால் தொடங்கி உளியால் முடித்த படங்கள் ஏராளம் என்பதால் மிகக் கறாரான பிரிவு படத்துக்கே பொருந்தாது.

தமிழாசிரியர் ஐயாவுக்கு ஒரு செய்தி. 1738இல் போப் பன்னிரண்டாம் கிளெமெந்து, தெ ரோசி குடும்பத்தாரின் செப்புத் தகடுகளை வாங்கி உரோமில் நிறுவிய தகட்டுக் களஞ்சியத்தின் பெயர் ‘கல்கோகிராஃபியா’. கிரேக்கத்தில் கல்கோஸ் என்றால் செம்பு, கிராஃபெயின் என்றால் எழுதுதல். நடுகல்லில் ‘பெயரும் பீடும் எழுதி’ என்னும்போது நம் புலவரும் வெட்டுவதை எழுதுவது என்றே சொல்கிறார். ‘செப்பெழுத்து’ என்று ஒரு சொல் இருந்தால் இரண்டு மரபும் ஒரே இடத்தில் சந்திக்கும். ஆனால் அதைக் கேட்பவர் ஓவியத்தை நினைக்க மாட்டார் என்பதால் நானே திரும்பப் பெறுகிறேன்.

படங்களின் அடியில் வரும் இலத்தீன் சுருக்கங்களை என்ன செய்திருக்கிறீர்கள்? ‘இன்வேனிட்’ (கருத்தாக்கினார்), ‘ஸ்கல்ப்சிட்’ (வெட்டினார்), ‘எக்ஸ்கூடிட்’ (அச்சிட்டு வெளியிட்டார்) என்று மூன்று பெயருக்குப் பின்னால் மூன்று வினைகள் வரும். ‘பாரிஸின் தீர்ப்பு’ என்ற தொன்மப் படத்தில் கருத்து ராஃபேலுடையது என்றும், செய்தது மார்க்கன்டோனியோ என்றும் தகட்டிலேயே சுருக்கமாக வெட்டியிருக்கிறது. இவற்றைக் குழப்பினால் ராஃபேலே தகடு வெட்டினார் என்று ஆகிவிடும்.

மறுமொழி – மொழிபெயர்ப்பாளர், புதன்கிழமை

அனைவருக்கும் நன்றி. அச்சகத்தாரின் கல்வெட்டு மேற்கோள் இலத்தீன் சுருக்கங்களுக்குத்தான் எனக்குப் பெரிதும் உதவியது. வெட்டியவனும் வெட்டுவித்தவனும் வேறு என்பதை நம் பிறவினையே காட்டிவிடுகிறது. ‘கருத்து: ராஃபேல், வெட்டியவர்: மார்க்கன்டோனியோ’ என்று எழுதிவிட்டேன். 16ஆம் நூற்றாண்டு உரோமில் அந்தோனியோ லாஃப்ரேரி போன்ற விற்பனையாளர்கள் ‘எக்ஸ்கூடிட்’ என்று போட்டுக்கொண்ட இடங்களில் ‘அச்சிடுவித்தவர்’ என்று வரும்.

இன்னொரு சிக்கலும் வந்திருக்கிறது. ‘குவோஸ் எகோ’ என்ற புகழ்பெற்ற படத்தில், கடல்தேவன் நெப்டியூன் காற்றுகளை அதட்டுகிறான். வெர்ஜிலின் காவியத்தில், “உங்களை நான்…” என்று தொடங்கிச் சொல்லை முடிக்காமலே விட்டுவிட்டுக் கடலை அடக்கப் போகிறான். படத்தின் பெயரே அந்த அரைவாக்கியந்தான். ‘உங்களை…!’ என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

மறுமொழி – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மிகச் சரி. எஞ்சிய பொருளைக் கேட்பவரே நிரப்பிக்கொள்ளும் ஒழியிசை அது. வீட்டில் பிள்ளைகளை அதட்டும் தாய்மார் எல்லோரும் அறிந்த இலக்கணம். ஆனால் நெப்டியூன் எதற்கு? வருணன் என்று போடலாமே. லுக்ரீஷியா படத்தில் ‘இழிவோடு வாழ்வதினும் சாதல் நன்று’ என்னும் பொருளில் கிரேக்க வரி வெட்டியிருக்கிறது. அங்கேயும் ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்ற குறளைப் போட்டால் தமிழ் மாணவனுக்கு ஒரே வரியில் விளங்கும்.

மறுமொழி – மொழிபெயர்ப்பாளர்

ஐயா, வருணன் என்று போட்டால் காற்றின் தலைவன் ஏயொலஸை வாயு என்று போட வேண்டும். பிறகு வருணன் வாயுவின் ஏவலாட்களை அதட்டி விரட்டியதாக நம் புராணங்களில் இல்லாத ஒரு கதை உருவாகும். யூனோ தேவியின் தூண்டுதலால்தான் ஏயொலஸ் காற்றை அவிழ்த்துவிட்டான், அவளை யாராக்குவது? குறளைப் பின்னிணைப்பில் ஒப்புமையாகத் தரலாம். படத்தின் கீழே கிரேக்க வரியின் பொருள்தான் வர வேண்டும்.

மறுமொழி – அச்சுக்கலை கற்பிப்பவர்

உரோமுக்கு முன்னால் உகரம் வேண்டுமா, ராஃபேலுக்கு முன்னால் இகரம் வேண்டுமா என்று தொடங்கும் முன் முதன்மைச் சொல்லை முடித்துவிடலாம். பொதுச்சொல்லாகப் ‘பொறிப்போவியம்’ என்பதை முன்மொழிகிறேன். சேரன் இமயத்தில் வில் பொறித்தான் என்பதை எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம்.

மறுமொழி – அச்சகம் வைத்திருப்பவர்

பொறிப்பு என்றால் தொல்லியலார் பானை ஓட்டிலுள்ள எழுத்தை நினைப்பார்கள். மற்றவர்கள் பொறியியல் கல்லூரியை நினைப்பார்கள். என் வாக்கு செப்புவெட்டுக்கே. ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டதையும் நினைவூட்டுகிறேன். நானும் அச்சகம் நடத்துகிறவன். கடைசி நாளில் கலைச்சொல் மாற்றும் மொழிபெயர்ப்பாளர்களை நன்றாக அறிவேன்.

மறுமொழி – இத்தாலிய மொழி பயின்ற உறுப்பினர்

ஒரு சிறு குறிப்பு. இக்கலை பொற்கொல்லர் பட்டறையில் பிறந்தது என்பதே 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரியின் கூற்று. வெள்ளியில் வெட்டிய கோடுகளில் கருமை நிரப்பும் வேலையிலிருந்து ஃபுளோரன்சின் மாசோ ஃபினிகுவேரா இதைக் கண்டுபிடித்தார் என்று அவர் எழுதினார். இன்றைய ஆய்வாளர் அதை அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும் உலோகத்தில் பெயர் வெட்டுபவரின் சொல்லை எடுப்பதற்கு இது ஒரு துணைச்சான்று.

மறுமொழி – மொழிபெயர்ப்பாளர், வெள்ளிக்கிழமை பிற்பகல்

கோப்பை அனுப்பிவிட்டேன். பொதுச்சொல் ‘செதுக்கோவியம்’ என்றே இருக்கட்டும் என்று ஐவர் தனிமடலில் எழுதியிருந்தார்கள். அது சிறந்தது என்று யாரும் சொல்லவில்லை. பழகியது என்றுதான் சொன்னார்கள். எனவே முன்னுரையில், தகட்டிலோ கட்டையிலோ வெட்டித் தாளில் அச்சிட்ட படம் என்று ஒரு வரி விளக்கம் சேர்த்து, ஒவ்வொரு படத்தின் கீழும் ‘உளிச் செதுக்கோவியம்’, ‘அமில செதுக்கோவியம்’, ‘மரக்கட்டைச் செதுக்கோவியம்’ என்று வகை குறித்திருக்கிறேன். இரண்டும் கலந்த இடங்களில் ‘அமிலமும் உளியும்’ என்று வரும். ஆந்திரேயானியின் படங்கள் பல கட்டைகளால் ஒளியும் நிழலும் காட்டுபவை என்பதால் அவற்றுக்கு ‘ஒளிநிழல்’ என்ற அடையும் உண்டு. செப்புவெட்டு என்ற சொல்லை அருஞ்சொல் பட்டியலில் அடைப்புக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த பதிப்புக்குள் அது பழகிவிட்டால் வெளியே எடுத்துவிடலாம்.

மறுமொழி – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வெள்ளிக்கிழமை இரவு

என் மாற்றுக்கருத்தைக் குழுவின் பதிவில் வைக்குமாறு வேண்டுகிறேன். குயில் எழுத்து இரண்டாயிரம் ஆண்டு காத்திருந்தது. இன்னும் ஒரு பதிப்புக் காத்திருக்கும். ‘அமில செதுக்கோவியம்’ என்று மூன்று வகைகளில் ஒன்றுக்கு மட்டும் ஒற்று விடுபட்டிருக்கிறது. ‘அமிலச் செதுக்கோவியம்’ என்பதே சரி. அச்சகத்துக்கு இன்னும் போகவில்லையென்றால் திருத்திவிடுங்கள், அம்மா.