அம்மா தன் கடைசி நாட்களைப் பற்றிப் பேச வருகிறார். எங்கிருந்து தொடங்குவது?

மூத்தவள்:

அம்மாவுக்கு 76 வயது. இதயம் பலவீனமாகி நாலைந்து வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் படுத்தால் மூச்சு முட்டுகிறது. இரவு முழுக்க நாற்காலியில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூக்கம். நெஞ்சில் ஐசிடி (இதயத் துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைத்திருக்கிறார்கள். கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி மருந்தைக் கூட்டிப் பெரிய பலன் இருக்காது, சிரமப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அம்மாவிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. போன வாரம் ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "நான் போனப்புறம் நீங்க மூணு பேரும் ஆளுக்கொண்ணு சொல்லிக்கிட்டு நிக்கக் கூடாது. எழுதிக்கோ" என்றார். தம்பி வந்து நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டான். "இப்படியெல்லாம் பேசாதம்மா, உனக்கு ஒண்ணும் ஆகாது." தங்கை அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

எனக்கு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். ஆனால் என்ன கேட்பது, எதை முதலில் கேட்பது என்று தெரியவில்லை. வென்டிலேட்டர் வேண்டாம் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். கண்தானம், உடல்தானம் பற்றியும் விசாரித்திருக்கிறார். தம்பியோ, இதற்கெல்லாம் கையெழுத்து வாங்குவது அம்மாவை நாமே கைவிடுவது மாதிரி என்கிறான். இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

சகோதரி, நாளைக்கே அந்த நோட்டை எடுத்து அம்மா கையில் கொடுங்கள். நான் பாலியேட்டிவ் வார்டில் (குணமாகாத நோயில் சிரமத்தைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் பிரிவு) செவிலி. பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று பெற்றவர்கள் பேசாமல் இருப்பார்கள். பெற்றவர் மனம் உடைந்துவிடும் என்று பிள்ளைகள் பேசாமல் இருப்பார்கள். எங்கள் வார்டில் தினமும் பார்க்கிற காட்சி இது. உங்கள் அம்மா அந்தக் கதவைத் தானே திறந்துவிட்டார். மற்றவர்களுக்கு எளிதில் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

இறுதிச் சடங்கிலிருந்து தொடங்காதீர்கள். இருக்கப்போகிற நாட்களைக் கேளுங்கள். "இப்போ உனக்கு எதை நெனச்சாம்மா பயமா இருக்கு?" இந்த ஒரு கேள்வி போதும், மீதி தானாக வரும். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், சாகும் நிலையில் இருப்பவரின் வலியில் உடல் வலி ஒரு பங்குதான் என்றார். மனக்கவலை, குடும்பத்தைப் பற்றிய கவலை, வாழ்ந்ததற்கு என்ன அர்த்தம் என்ற தவிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் மொத்த வலி. அவர் முதலில் செவிலியாக இருந்து, அப்புறம் சமூகப் பணியாளராகி, அதற்கும் அப்புறம் டாக்டர் ஆனவர். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் என்பதால்தான் அது தெரிந்தது.

அடுத்து, அம்மாவால் பேச முடியாமல் போனால் அவருக்காக முடிவு சொல்லப்போவது யார்? ஒரே ஒருவர் பெயர் வேண்டும். மூன்று பிள்ளைகளும் சேர்ந்து என்றால், நள்ளிரவில் ஐசியூ வாசலில் அது ஓடாது. அந்த ஒருவருக்கு அம்மாவின் மனது தெரிந்திருக்க வேண்டும், மற்ற இருவருக்கும் அவர்தான் என்பது இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

சிகிச்சை பற்றி எழுதும்போது "செயற்கையாக எதுவும் வேண்டாம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். அதை ஆளுக்கொரு விதமாகப் படிப்பார்கள். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க முயல வேண்டுமா? (நன்றாகத் தளர்ந்துபோன உடம்பில் அது விலா எலும்புகளை உடைக்கும், பெரும்பாலும் உயிரையும் திருப்பாது. இதை அம்மாவுக்குச் சொல்லியே கேளுங்கள்.) மூச்சுக்காகத் தொண்டையில் குழாய், மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய், திரும்பத் திரும்ப ஐசியூ, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். எது வேண்டும் என்பதையும் எழுதுங்கள்: மூச்சுத்திணறலுக்கு மருந்து, வலிக்கு மருந்து, வீட்டிலேயே இருப்பது. குறைந்த அளவு மார்ஃபின் மூச்சுமுட்டலைத் தணிக்க உதவும். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது உயிரை எடுக்காது. தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள்.

ஐசிடி என்று எழுதியிருந்தீர்கள், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் அந்தக் கருவி ஷாக் கொடுக்கும். அதற்காகத்தான் வைத்தது. ஆனால் கடைசி மணி நேரங்களில் துடிப்பு தாறுமாறாவது இயல்பு. கருவிக்கு அது தெரியாது, அடித்துக்கொண்டே இருக்கலாம். நினைவோடு இருப்பவருக்கு அது நெஞ்சில் உதைத்த மாதிரி இருக்கும். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் அந்தக் காட்சி வாழ்நாள் முழுக்க மறக்காது. ஷாக் கொடுக்கும் வேலையை மட்டும் டாக்டர் வெளியிலிருந்தே நிறுத்திவிடலாம். ஊசி கிடையாது, வலி கிடையாது, நிறுத்தியதால் அந்த நிமிடமே உயிர் போவதும் கிடையாது. துடிப்பு குறைந்தால் தூண்டிவிடும் பேஸ்மேக்கர் வேலை அதே கருவியில் இருந்தால் அது தொடரும். இதை இப்போதே இதய டாக்டரிடம் கேளுங்கள். அவசரம் வந்த பிறகு கேட்க ஆள் கிடைக்காது.

இன்னொன்று, எரியூட்டுவதாக இருந்தால் அதற்கு முன் இந்தக் கருவியைக் கட்டாயம் எடுக்க வேண்டும். சூட்டில் பேட்டரி வெடிக்கும். பேஸ்மேக்கருக்கும் இதேதான். புதைப்பதானால் பொதுவாக அப்படியே விடலாம்.

தஸ்தாவேஜு:

செவிலி அக்கா சொன்னதோடு காகித வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வக்கீல் ஆபீஸில் எழுத்தர்.

எரிப்பதா புதைப்பதா, யாரைக் கூப்பிடுவது போன்ற ஆசைகளை உயிலில் மட்டும் எழுதி வைக்காதீர்கள். எல்லாம் முடிந்து உறவினர் கலைந்த பிறகுதான் பல வீடுகளில் உயிலைப் பிரிக்கிறார்கள். என் சித்தப்பா, தன்னைப் புதைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார். நாங்கள் அதைப் படித்தபோது அஸ்தி வீட்டுக்கு வந்திருந்தது. தனித் தாளில் எழுதி மூன்று பிள்ளைகளிடமும் ஒவ்வொரு நகல் கொடுத்துவிடுங்கள்.

அம்மாவுக்காகச் செயல்பட அவரிடம் பவர் பத்திரம் வாங்கியிருந்தால் அது அவர் உயிரோடு இருக்கும்வரைதான். அவர் கண்ணை மூடியதும் அதற்கு மதிப்பில்லை, அதைக் காட்டி வங்கியில் பணம் எடுக்கக் கூடாது. நாமினி யார், இன்ஷூரன்ஸ் எங்கே, போன் பூட்டு எண் என்ன என்பதை அம்மாவே சொல்லிவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம். இறப்புச் சான்றிதழை நான்கைந்து அசல் பிரதிகளாக வாங்குங்கள், ஒவ்வொரு இடத்திலும் அசலைக் கேட்பார்கள்.

வீட்டிலேயே இறக்க விரும்பினால், வந்து பார்த்து மரணத்தை உறுதிசெய்து காரணத்தோடு சான்று தரப்போகும் டாக்டர் யார் என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். அவருக்கு அம்மாவின் நோய் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போலீஸ், பிரேதப் பரிசோதனை என்று போக வாய்ப்பிருக்கிறது.

தம்பிக்கு ஒரு வார்த்தை. சிகிச்சை விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் யோசனையை 1969-லேயே லூயிஸ் குட்னர் என்ற அமெரிக்க வழக்கறிஞர் முன்வைத்தார். இன்று பல நாடுகளின் சட்டம் இதை ஏற்கிறது. சாட்சி யார், யார் முன் கையெழுத்து என்ற விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் படிவத்தை உள்ளூர் வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அம்மாவுக்குத் தெளிவு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் அதை மாற்றலாம், கிழித்தும் போடலாம். கைவிடுவது என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பேச்சு நின்ற பிறகும் அவர் சொல்லைக் கேட்பதற்கான தாள் அது.

கண்வங்கித் தொண்டர்:

தானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கண்தானத்துக்கு வயது, கண்ணாடி, கண்புரை ஆபரேஷன் எதுவும் பொதுவாகத் தடையில்லை. இறந்து சுமார் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் உடனே கண்வங்கிக்குப் போன் செய்யுங்கள். ஆட்கள் வரும்வரை இமைகளை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள், தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சின்ன வேலைகள்தான், ஆனால் விழிவெண்படலம் காய்ந்துபோனால் பயன்படாது. முகம் அலங்கோலமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், தெரியாதபடி சீர்செய்துதான் கொடுப்பார்கள்.

உடல்தானத்துக்கு மருத்துவக் கல்லூரியில் முன்பே பதிவு செய்ய வேண்டும். பதிவு இருந்தாலும் சில தொற்று நோய்கள், பிரேதப் பரிசோதனை போன்ற காரணங்களால் அந்த நேரத்தில் மறுக்கலாம். அதனால் மாற்று ஏற்பாடு ஒன்றையும் அம்மாவிடமே கேட்டு எழுதிவிடுங்கள். கண்ணைக் கொடுத்த பிறகும் உடலை ஏற்பார்களா என்பதைக் கல்லூரியிலேயே விசாரியுங்கள்.

மூத்தவள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று தம்பி இல்லாத நேரம் அம்மாவிடம் நோட்டைக் கொடுத்தேன். முதலில் எழுதச் சொன்னது சிகிச்சையும் இல்லை, சடங்கும் இல்லை. "மூச்சு திணறும்போது யாராவது கையைப் பிடிச்சுக்கணும். வெளிய நின்னு அழ வேணாம்." அதைத்தான் சொன்னார். ஐசிடியை நிறுத்தலாமாம்மா என்று கேட்டேன், டாக்டரிடம் போவோம் என்றார். தம்பியை எப்படிக் கொண்டுவருவது என்றுதான் தெரியவில்லை. கடைசி நேரம் எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது.

இரவுப்பணி:

பயம் இருக்கத்தான் செய்யும் சகோதரி. முன்பே தெரிந்தால் அது பாதியாகக் குறையும். கடைசி நாட்களில் அம்மாவுக்குத் தூக்கம் கூடும், சாப்பாடு வேண்டாம் என்பார். உடம்பு அப்போது உணவைக் கேட்பதில்லை, வாயைத் திறந்து ஊட்டினால் நுரையீரலுக்குள் போகலாம். உதட்டையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள், அது நல்ல ஆறுதல். கையும் காலும் சில்லிடும். மூச்சு வேகமாக வந்து, நின்று, மறுபடி வரும். தொண்டையில் கரகர சத்தம் கேட்கலாம், விழுங்க முடியாத எச்சில் தங்குவதால் வருவது அது. கேட்பவருக்குத்தான் கொடுமையாக இருக்கும், அந்த நேரம் அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். பதில் வராவிட்டாலும் பேசிக்கொண்டே இருங்கள், காது கேட்கிறது என்று நினைத்துத்தான் நாங்கள் வார்டில் பேசுவோம்.

தம்பியிடம் வாதாட வேண்டாம். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். இதய டாக்டரிடம் அம்மாவை அழைத்துப்போவது அவராகவே இருக்கட்டும். உள்ளே போனதும் அம்மாவே டாக்டரிடம் கேட்கட்டும், அக்கா வாயிலிருந்து வருவதைவிட அம்மா வாயிலிருந்து வந்தால் தம்பிக்குக் கேட்கும். போகும்போது ஐசிடி வைத்தபோது கொடுத்த சிறிய அட்டையை எடுத்துப் போங்கள். கம்பெனியும் மாடலும் அதில்தான் இருக்கும், அது தெரிந்தால்தான் அந்தக் கருவிக்கு உரிய இயந்திரத்தை அவர்கள் தயாராக வைக்க முடியும்.